புதுப் பித்தளை உடுக்கை

நெகிரி செம்பிலான் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புது உடுக்கை வாங்கப் போகிறவர்கள் கடை விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு கீறல் கண்டால் போதும், கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். கடைசியில் எது அதிகம் மினுமினுக்கிறதோ அது வீட்டுக்கு வரும். கரகம் ஜோடித்து அம்மனை வர்ணித்துப் பாடும்போது அந்த மினுமினுப்பு வாய் திறக்கப் போவதில்லை.

குறை தேட வேண்டிய முதல் இடம் விளிம்பு. வளையத்தில் கட்டிய தோல் அதன் மேல்தான் படிந்து நிற்கிறது. இடுப்புக் கயிற்றைக் கை அமுக்க அமுக்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அந்த விம்மலுக்காகத்தானே உடுக்கை! விளிம்பில் ஒரு பிசிர் இருந்தாலும் ஒவ்வொரு அமுக்கலிலும் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். கட்டை அவிழ்த்துத் தோலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினால் பிசிர் இருக்குமிடத்தில் இழை மாட்டும். பிறகு கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமில்லை. தோல் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். வாங்கி வந்தபின் தெரிந்தாலும் மோசமில்லை. நுண்ணிய உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, உடுக்கையைக் கவிழ்த்துப் பொறுமையாக வட்டமிட்டுத் தேய்த்தால் சரியாகும்.

அடுத்தது இடுப்பு. இரண்டு கிண்ணங்களை அடியோடு அடி சேர்த்துப் பற்றவைத்த உடுக்கை என்றால், வெறும் உடலை நூலில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். ஓசை நீண்டு அடங்க வேண்டும். கரகரத்தால் பற்று விட்டிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்யப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

மற்றவை எனக்குக் குறையே அல்ல. கடைசல் உளி ஓடிய மெல்லிய வளையக் கோடுகள், வார்ப்பு மணல் விட்டுப்போன ஊசிக்குழிகள் எல்லாம் வேலை நடந்ததற்கான தடயங்கள். அவற்றை மறைக்கப் பூசும் லாக்கர்தான் தொல்லை. பூச்சில் ஒரு பொத்தல் விழுந்தால் நம் ஊர் ஈரம் உள்ளே புகுந்து பழுப்புத் திட்டாகப் படரும். அப்படி ஆனபின் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு வெறும் பித்தளையாகவே வைத்துக்கொள்ளலாம். புளி போட்டுத் தேய்த்தால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் இளஞ்சிவப்பாக மேலே நிற்கும்.

தோட்டத்தில் பித்தளைக்கு இன்னொரு பகை உண்டு. பால்மரத்துப் பால் உறையாமலிருக்க அம்மோனியா கலப்பார்கள். அழுத்தித் தட்டியோ இழுத்தோ உருவாக்கிய பித்தளை அந்த ஆவியில் தானாகவே வெடிப்பு விடும். இந்தியாவில் பிரிட்டிஷ் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படி வெடித்தன. லாயத்துக் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. ஆகவே பால் ஸ்டோர் பக்கம் உடுக்கையை வைக்க வேண்டாம். அதை ரப்பர் பட்டையால் கட்டி வைப்பதும் கூடாது; ரப்பரில் சேர்த்த கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பருத்தி நூலால் கட்டினால் போதும்.