தவறான வீட்டுக்கு வரும் நோட்டீஸ்

உலாவிகளுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புது மோகம் பிடித்திருக்கிறது. இந்தப் பக்கம் இவ்வளவு நினைவகம் எடுக்கிறது, அந்தப் பக்கம் இவ்வளவு மின்சக்தி இழுக்கிறது, மூடினால் கணினி வேகமாகும் என்று பார்ப்பவரிடம் எடுத்துச் சொல்லும் மோகம். 2022 இறுதியில் குரோம் 'மெமரி சேவர்' கொண்டுவந்தது. பிறகு தாவலின் மேல் சுட்டியை வைத்தாலே அது பிடித்திருக்கும் நினைவகத்தை எம்பி கணக்கில் காட்ட ஆரம்பித்தது. 2024-இல், கணினி மெதுவாகிறது, இந்தத் தாவல்களை ஓரங்கட்டலாமா என்று தானாக வந்து கேட்கும் அறிவிப்பும் சேர்ந்தது. எட்ஜிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. சஃபாரியோ வெகுநாளாகவே, இந்தப் பக்கம் அதிக மின்சக்தி எடுக்கிறது என்று பக்கத்தின் தலைமாட்டில் பட்டை கட்டிவருகிறது. பக்கம் அசையாமல் நின்றுவிட்டால் 'காத்திரு', 'வெளியேறு' என்று இரண்டு பொத்தான்களோடு வரும் பெட்டி எல்லோரும் பார்த்துப் பழகியது.

சேரன்மகாதேவியில் கணினி சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் இவற்றை மனதாரப் பாராட்டுகிறார். "நம்ம மெஷின்ல என்ன நடக்குன்னு நமக்குத் தெரிய வேண்டாமா? சொல்லாம மறைச்சாத்தான் தப்பு" என்பது அவர் கட்சி. தகவல் அறிவது பயனாளியின் உரிமை, எச்சரிக்கை அந்த உரிமைக்குச் செய்யும் மரியாதை என்கிறார். அவர் நல்ல ஆசிரியர். சொல்வதை யோசித்தே சொல்கிறவர். அவர் கட்சியில் உள்ள பிழையை எழுதித்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017 முதல் 2019 வரை காயின்ஹைவ் என்ற நிரல் இணையத்தில் பரவியிருந்தது. பக்கத்தைத் திறந்தவரின் கணினியை அவருக்குத் தெரியாமலே மொனேரோ நாணயம் தோண்ட வைத்தது. 2018 பிப்ரவரியில், பல தளங்கள் பயன்படுத்திய ஒரே ஒரு துணைக்கருவியில் அது புகுந்ததால், பிரிட்டன் அரசுத் தளங்கள் உட்பட 4,000-க்கு மேற்பட்ட தளங்கள் அதைச் சுமந்தன. விசிறி இரையும்போது, இந்தத் தாவல்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது உதவி. தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து 2008-இல் குரோம் வந்ததும் நல்ல காரியம். அதற்கு முன் ஒரு பக்கம் சிக்கினால் திறந்திருந்த பத்துப் பக்கமும் சேர்ந்து போகும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆட்சேபம் வேறு. எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதில்தான் கோளாறு. பாசனத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கன்னடியன் கால்வாய் எங்கள் ஊர் சேரன்மகாதேவி வழியாகத்தான் பத்தமடை, மேலச்செவல் பக்கம் போகிறது. பிசானப் பயிருக்குக் கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை என்றால் என்ன செய்வார்கள்? மேலே எந்த மடை கூடுதலாகத் திறந்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே அமலைச்செடி அடைத்திருக்கிறது என்று கால்வாயோடு நடந்து பார்ப்பார்கள். கடைமடை விவசாயியை வரப்பில் நிறுத்தி, "உன் வயலுக்குத் தண்ணீர் வரத்துக் குறைவு, காத்திருக்கிறாயா, வயலை விட்டுப் போகிறாயா?" என்று யாராவது கேட்டால் ஊர் பொறுக்குமா? உலாவி அதைத்தான் கேட்கிறது. தண்ணீரை இழுத்தவனுக்குத் தகவல் போவதில்லை, காய்ந்த வயல்காரனுக்கு நோட்டீஸ் வருகிறது.

போன வருடம் ஜூன் மாதம் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தெரிந்த ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை ஒருத்தி அம்மாவோடு வந்து கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஒவ்வொரு எண்ணையும் அம்மா காகிதத்தில் விரல் வைத்து வாசித்தார்கள். புகைப்படத்தைச் சொன்ன கேபி அளவுக்குச் சுருக்கவே கால் மணி நேரம் போனது. அதை ஏற்றும்போது பக்கம் நின்றது. பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பொத்தான்.

"அண்ணாச்சி, என்னமோ கேக்கு. எதை அமுக்கணும்?"

சென்டர்காரர் பக்கத்து மேசையில் வில்லங்கச் சான்று பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வருவதற்குள் பெட்டி மறைந்து மறுபடி வந்தது. பிள்ளை பயந்துபோய் வெளியேறு என்பதை அமுக்கிவிட்டாள். முக்கால் மணி நேர உழைப்பு போயிற்று. "நீ எதுக்கு அவசரப்பட்ட?" என்று அம்மா அவளைத்தான் திட்டினார்கள். தளத்தை யாரும் திட்டவில்லை. உலாவியையும் திட்டவில்லை. கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவள் தலையிலேயே பிழையும் ஏறிவிட்டது.

அவளால் சரியான பதிலைத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்று பார்ப்போம். உலாவிப் பக்கத்துக்கு முதன்மை இழை என்று ஒன்று உண்டு. தாலுகா ஆபீஸில் ஒரே ஜன்னல், ஒரே கிளார்க் இருந்தால் எப்படியோ அப்படி. பக்கத்தை வரைவது, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது, சொடுக்கியதைக் கவனிப்பது எல்லாம் அந்த ஜன்னலில்தான். ஒரு நிரல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நகராவிட்டால் வரிசை முழுக்க நிற்கிறது. அந்த நிரல் இன்னும் இரண்டு விநாடியில் வேலையை முடிக்கப் போகிறதா, முடிவில்லாமல் சுற்றப் போகிறதா என்பது உலாவிக்கே தெரியாது. எல்லா நிரலுக்கும் பொதுவாக இதைக் கண்டுசொல்லும் வழிமுறை கிடையாது என்று ஆலன் டூரிங் 1936-இல் நிறுவிவிட்டார். கணிதமே கைவிரித்த கேள்வியை, நிரலின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரி கூடக் காட்டாமல், பதினேழு வயதுப் பிள்ளையிடம் நீட்டிப் பதில் கேட்கிறார்கள். இதை உரிமை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதிலும் எப்போதும் கைப்போக்கான கணக்குதான். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நேரத்தை அளக்கவில்லை. நிரலில் 50 லட்சம் கட்டளைகள் ஓடியதும் எச்சரித்தது. வேகமான கணினியில் அந்த 50 லட்சம் சீக்கிரம் முடியும் என்பதால் எச்சரிக்கையும் சீக்கிரமே வந்தது. பயர்பாக்ஸ் வெகுகாலம் 10 விநாடி என்று வைத்திருந்தது. மெதுவான கணினியில் ஒழுங்கான நிரலும் 10 விநாடியைத் தாண்டும். கேட்பது இயந்திரத்தின் வசதிப்படி. பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் மனிதருக்கு.

உலாவிக்கு வேறு வழியில்லை என்கிறார் நண்பர். வழி இருக்கிறது, அவர்களே செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2020-இல் குரோம் கனமான விளம்பரங்களுக்கு ஓர் எல்லை கட்டியது. பார்ப்பவர் தொடாத விளம்பரம் 4 எம்பிக்கு மேல் டேட்டா இழுத்தால், அல்லது எந்த 30 விநாடியிலும் 15 விநாடி செயலியைப் பிடித்துக்கொண்டால், அல்லது மொத்தமாக 60 விநாடி பிடித்தால், உலாவி யாரையும் கேட்காமல் அதை இறக்கிவிடும். என்ன காரணத்தால் இறக்கப்பட்டது என்ற அறிக்கை விளம்பரத்தின் நிரலுக்கே போகும். அந்த ஆண்டு மே மாதம் கூகுள் வெளியிட்ட கணக்கில் இந்த எல்லையைத் தாண்டியவை விளம்பரங்களில் 0.3 சதவீதம்தான். ஆனால் எல்லா விளம்பரங்களும் சேர்ந்து இழுத்த டேட்டாவில் 27 சதவீதமும், எடுத்துக்கொண்ட செயலி நேரத்தில் 28 சதவீதமும் அந்த 0.3 சதவீதத்துக்கே போயிருந்தது. ஆயிரத்தில் மூன்று பேர் கால் பங்குக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். யார் இழுக்கிறார் என்பது உலாவிக்குத் தெரியும், அவர் மடையை அடைக்கவும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

விளம்பரத்துக்குச் செய்ததைத் தளத்துக்கு ஏன் செய்யவில்லை? பக்கம் உறைந்து மூடப்பட்டால் தளத்துக்கு அறிக்கை அனுப்பும் வசதி குரோமில் இருக்கிறது. ஆனால் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்த தளத்துக்கு மட்டும்தான் அது போகும். அக்கறையுள்ளவன் கேட்டு வாங்குவான். அக்கறை இல்லாதவனுக்கு ஒரு வரி கூடப் போகாது. அவன் ஏற்றிய பாரத்துக்கான எச்சரிக்கை முழுக்க முழுக்க அவன் தளத்தைத் திறந்தவருக்கே. கூகுள் கையில் இன்னொரு சாட்டையும் இருக்கிறது. சொடுக்கினால் பக்கம் எவ்வளவு நேரத்தில் அசைகிறது என்பதை 2024 மார்ச் முதல் அது பக்கத் தரத்தின் முக்கிய அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்த அளவுகோல்களைத் தேடல் வரிசைக்கும் எடுத்துக்கொள்கிறது. கடைகளும் செய்தித் தளங்களும் அதற்குப் பயந்து திருந்தும். தேடலில் முன்னே பின்னே வருவதால் ஒன்றும் குறையாத தளங்கள் உண்டு. விண்ணப்பம் போட வேறு இடமே இல்லாத தளங்கள் அவை. அவைதான் எங்கள் ஊர் சென்டர்களில் அதிகம் திறக்கப்படுகின்றன.

இந்த எச்சரிக்கையைத் தினம் தினம் பார்ப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் அக்காள் வாங்கியதைத் தம்பி, தம்பிக்குப் பிறகு சித்தி மகள் என்று அது ஓடுகிறது. என் அண்ணன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. விசைப்பலகையில் 'ட' அடிக்க இரண்டு தடவை அமுக்க வேண்டும். அதில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் மெதுவாகிறது, மூடு என்றுதான் அறிவிப்பு வருகிறது. அதே தளத்தைக் கட்டியவர் 16 அல்லது 32 ஜிபி கணினியில் உட்கார்ந்து சரிபார்க்கிறார். அவர் திரையில் அந்தப் பெட்டி எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆக, சரிசெய்யும் சக்தி உள்ளவர் கண்ணில் படாது. ஒன்றும் செய்ய முடியாதவர் கண்ணை விட்டு அகலாது. பழைய கணினி வைத்திருப்பவரை இவ்வளவு விடாமல் குத்திக்காட்டும் ஏற்பாட்டுக்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர் சூட்டுவது அநியாயம் என்றே சொல்வேன்.

எம்பி கணக்கைக் காட்டுவதால் அறிவு வளரும் என்ற வாதமும் எனக்கு ஏற்புடையதில்லை. ஒரு தாவல் 400 எம்பி பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் சித்தி மகள் என்ன செய்வாள்? அது அதிகமா குறைவா என்று ஒப்பிட அவளிடம் எதுவும் இல்லை. மின்வாரிய மீட்டர் வேகமாக ஓடினால் மோட்டாரையோ அயர்ன் பாக்ஸையோ அணைக்கலாம். இங்கே கையில் இருப்பது பக்கத்தை மூடும் ஒரே சுவிட்சு. அவள் வேலையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மனிதர் மனத்தில் இது செய்யும் கெடுதல் இன்னும் பெரிது. அர்த்தமில்லாத பெட்டி பத்துத் தடவை வந்தால் பதினோராவது தடவை வாசிக்காமல் அமுக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. தேவதத்த அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு 2.5 கோடிக்கு மேற்பட்ட பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பார்த்தது. இணைப்பு நம்பகமானதில்லை என்ற எச்சரிக்கையைக் குரோமில் 70 சதவீதத் தடவை மீறிப் போனார்கள். பயர்பாக்ஸில் 33 சதவீதம். எச்சரிக்கை அமைந்த விதம் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி. வங்கிக் கணக்கு திருடுபோகும் ஆபத்தும், ஒரு தாவல் மெதுவாகும் செய்தியும் ஏறக்குறைய ஒரே தோரணையில் திரையில் வந்து நின்றால், வாசலில் நிற்பவர் யாரென்று பார்க்காமல் கதவைத் திறக்கத்தான் வீட்டார் பழகுவார்கள்.

நம் பக்கத்திலிருந்தே ஓர் உலாவி வந்திருக்கிறது. 2023 மே மாதம் சோஹோ வெளியிட்ட 'உலா', மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக 1 கோடி ரூபாய் பெற்றது. எங்கள் ஸ்டேஷனில் தென்காசி ரயில் ஏறினால், இறங்கிச் சற்றுத் தூரத்தில் மத்தளம்பாறையில் அந்நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்தப் பரிசில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி. தனியுரிமையைப் பற்றி அவர்கள் அக்கறையாகப் பேசுகிறார்கள். ஆனால் உலாவும் குரோமியம் அடித்தளத்தில் எழுந்ததுதான். காத்திரு, வெளியேறு என்ற அந்தப் பழைய கேள்வியைச் சேரன்மகாதேவி சென்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாற்றி எழுதும் வாய்ப்பு வேறு யாரைவிடவும் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாற்றி எழுதுவது முடியாத காரியமும் இல்லை. பக்கம் உறைந்தால், அதுவரை அடித்ததை முதலில் காப்பாற்றி வை. மூடச் சொல்வதாக இருந்தால், நீ எழுதியது பத்திரமாக இருக்கிறது என்று தமிழில் சொல்லிவிட்டுச் சொல். எந்தத் தளத்தின் எந்த நிரல் என்று பெயரைப் போடு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தளத்துக்கு அறிக்கை அனுப்பு. நண்பரிடம் இதைச் சொன்னேன். எல்லாம் சரி, ஆனால் அதுவரை ஏதாவது ஒன்று சொல்லத்தானே வேண்டும் என்றார். வரப்பில் நிற்பவரிடம் சொல்லியிருக்கிறோம் என்று மேலே உள்ளவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் பதில்.

விண்ணப்பத்தை இழந்த அந்தப் பிள்ளை மறுநாள் காலையில் வந்து மறுபடி முதலிலிருந்து நிரப்பினாள். இந்த ஜூனில் அந்த சென்டருக்குப் போனபோது பார்த்தேன். விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுக்கிறார் சென்டர்காரர். பெயர், எண், மதிப்பெண் எல்லாவற்றையும் அதில் வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் கணினி முன்னால் உட்கார விடுகிறார்.