பச்சை குத்துதலும் அதன் பொருளும்: மூன்று படைப்புகளை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத் தோட்டங்களில் முதிய பெண்களின் முன்கைகளிலே பச்சை குத்திய அடையாளங்களைக் கண்டவர் நம்மிற் பலர். புள்ளிக் கோலம், தேள், தாமரை, சிலரது கையிலே தந்தையின் அல்லது உடன்பிறந்தானின் பெயர். தோலின் கீழ்ச் செலுத்தப்பட்ட கரி நாளடைவிற் பசுநீலமாகத் தோன்றும். 'பச்சை' என்னும் பெயர் அதனாலேயே அமைந்தது எனலாம். தமிழகத்தில் ஊரூராகச் சென்ற குறத்தியர் இத்தொழிலைச் செய்துவந்தமையை எட்கார் தேர்ஸ்டன் 1906 இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியற் குறிப்புகளிற் பதிவுசெய்துள்ளார். அப்பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். அவர்களுட் சிலர் நகரத்துக் கடைகளில் மின்னூசியாற் பச்சை குத்திக்கொள்கின்றனர். 'இது கீழோர் வழக்கம், நாளைக்கு ஒரு தொழிலும் கிடையாது' என முகஞ் சுளிக்கும் பெற்றோர் ஒருபுறம். 'என் உடல், என் விருப்பம்' என்னும் பிள்ளைகள் மறுபுறம்.

இவ்விரு சாராரும் தம்முள் முரண்படுவதாகத் தோன்றினும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். ஊசி பட்ட கணத்திலேயே பொருளும் பதிந்துவிடுகிறது, மை அழியாதவாறே பொருளும் அழியாது என்பதே அவ்வெடுகோள். முன்னையோர் அதனால் அஞ்சுகின்றனர்; பின்னையோர் அதனாலேயே விரும்புகின்றனர். இவ்வெடுகோள் எத்துணை பொருந்தும் என்பதை, பச்சை குத்துதலை மையப்பொருளாகவேனும் முக்கிய கூறாகவேனும் கொண்ட மூன்று படைப்புகளின் துணையுடன் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதன் முன் வரலாற்றுச் செய்திகள் இரண்டினை மனங்கொள்ளல் வேண்டும். வட இந்தியப் பெண்கள் அழகிற்காகவும் சடங்கிற்காகவும் குத்திக்கொள்ளும் பச்சைக்குக் 'கோத்னா' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பனியார் 1797 ஆம் ஆண்டு வங்காளத்தில் இயற்றிய ஒழுங்குவிதியொன்றின்படி ஆயுட்கைதிகளின் நெற்றியில் அவர்தம் பெயரையும் குற்றத்தையும் பச்சையாகக் குத்துவித்தனர். அத்தண்டனைக்கு வழங்கிய பெயரும் கோத்னாவே. 1849 இல் அது நீக்கப்படும்வரை, நெற்றியெழுத்தைத் தலைமயிராலும் தலைப்பாகையாலும் மறைத்துத் திரிந்தோர் பலர். மற்றையது நமக்கு அண்மையது. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு 1901 இலிருந்து தகர வில்லையொன்று வழங்கப்பட்டது. அவர்கள் சேரவிருந்த தோட்டத்தை அதிற் பொறித்த எழுத்தும் இலக்கமும் குறித்தன. தோட்டத்துரைக்குத் தேவைப்பட்ட அடையாளம் தகரத்தில். தாய் மகளுக்கு இட்ட அடையாளம் தோலில். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கிக் கடல் கடந்த பெண்கள் இருந்திருப்பர். எனினும் தோலில் இருந்தது முற்றிலும் அவளது சுதந்திரத் தெரிவு என்று கூறுவது மிகையாகும். பருவமெய்தாச் சிறுமியைத் தாய் பிடித்துக்கொள்ளக் குறத்தி குத்தினாள். சிறுமியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவள் பெரியவளான பின்னர், தாய் இறந்த பின்னர், அதே புள்ளிகள் தாயின் நினைவாக மாறின. பொருள் பின்னாலேயே வந்தது.

யப்பானிய எழுத்தாளர் தனிசாக்கி ஜுனிச்சிரோ 1910 இல் எழுதிய 'ஷிசெய்' என்னும் சிறுகதை இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. எடோ நகரத்துப் பச்சை குத்தும் கலைஞனான செய்கிச்சி, ஊசி பட்டோர் துடிப்பதிலே களிப்படைபவன். தனக்கேற்ற பெண்ணுடலைப் பல ஆண்டுகள் தேடி, இறுதியில் இளம் பெண்ணொருத்தியை மயக்க மருந்தால் நினைவிழக்கச் செய்து அவள் முதுகு முழுவதும் பெருஞ் சிலந்தியொன்றைத் தீட்டுகிறான். விழித்தெழுந்தவள் அஞ்சியவளாக அன்றி ஆடவரை வென்றடக்கும் வல்லமை பெற்றவளாக எழுகிறாள். அவளுக்கு முதலிரையாவான் கலைஞனே. மெய்ஜி அரசு 1872 இல் தடைசெய்த ஒரு கலையை, தடை நீடித்த காலத்திலேயே (1948 வரை அது நீடித்தது) இத்துணைச் செறிவுடன் எழுதியமை துணிவான செயலே. ஆயினும் இக்கதையின் அழகு ஒரு வன்முறையை மறைக்கும் திரையாக அமைகிறது என்பதைச் சுட்டாதிருத்தல் இயலாது. மயக்கமுற்றுக் கிடந்தவளுக்குச் சம்மதம் என ஒன்றில்லை. அவளுள் ஏற்கெனவே உறைந்திருந்ததையே ஊசி வெளிக்கொணர்ந்தது என்று கதை நம்மை நம்பவைக்கிறது. குத்துவோனின் வேட்கை குத்தப்பட்டவளின் இயல்பாக மாற்றப்படுகிறது. நெற்றியிற் குற்றத்தை எழுதிய அதிகாரியும் இதையே கருதினான் அல்லவா? உள்ளே இருந்ததையே தோலில் எழுதினேன் என்பது அதிகாரத்தின் பழைய வாதம்.

அமெரிக்கத் தென்மாநிலத்தவரான ஃபிளானரி ஓ'கொனர் தமது இறுதி வாரங்களில், 1964 இல், நோய்ப்படுக்கையிலிருந்து செப்பனிட்டு முடித்த 'பார்க்கர்ஸ் பக்' (பார்க்கரின் முதுகு) இதற்கு நேர்மாறானது. இங்கு ஊசியை விரும்பித் தேடிச் செல்பவன் கதைத் தலைவனே. பதினான்கு வயதிலே பொருட்காட்சியொன்றில் உச்சிமுதல் உள்ளங்கால்வரை பச்சை குத்திய மனிதனைக் கண்டு அவன் வியக்கிறான். அம்மனிதனின் உடலில் எல்லா உருவங்களும் ஒரே சித்திரமாக இயைந்து அசைந்தன. பார்க்கர் கடற்படையிற் சேர்ந்து ஊர்தோறும் ஒன்றாகக் குத்திக்கொள்கிறான். ஒவ்வொன்றும் சில காலம் மகிழ்ச்சி தருகிறது, பின் சலிக்கிறது, அடுத்ததைத் தேடுகிறான். உடல் நிறைந்த பின்னரும் அது சித்திரமாகவில்லை, ஒட்டுவேலையாகவே கிடக்கிறது. தன் கண்ணாற் காண முடியாத இடம் என்பதாலே முதுகை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். 'எனக்காகவே குத்திக்கொள்கிறேன்' என்னும் இன்றைய கூற்றின் உளவியலை இதனினும் கூர்மையாகக் காட்டிய படைப்பை யான் அறியேன். தனக்காகக் குத்துபவன் தான் காணக்கூடிய இடத்திலேயே குத்துகிறான்; காண்பதாற் சலிக்கிறான்.

உழவியந்திரம் மரத்தில் மோதித் தீப்பற்றிய விபத்தொன்றின் பின், பார்க்கர் நகருக்கு ஓடி அந்த வெறுமையான முதுகில் பைசாந்தியக் கிறித்துவின் முகத்தைக் குத்துவிக்கிறான். அதற்குக் காரணம் மனைவி சேரா ரூத். போதகரொருவரின் மகளான அவள் பச்சை அனைத்தும் வீண் என்று வெறுப்பவள். இதையேனும் அவளால் வெறுக்க இயலாது என்று அவன் எண்ணுகிறான். அவளோ, இது யாருடைய உருவமுமன்று, கடவுளை உருவமாக்குவது விக்கிரக வழிபாடு என்று கூறித் துடைப்பத்தால் முதுகில் அடிக்கிறாள். கிறித்துவின் முகத்திலே தழும்புகள் எழுகின்றன. ஓ'கொனரின் கத்தோலிக்க நோக்கு இக்காட்சிக்குத் தரும் அருள்விளக்கத்தை முற்போக்கு வாசகர் ஏற்க வேண்டியதில்லை. ஏற்காதவிடத்தும் ஓர் உண்மை எஞ்சும். குத்திக்கொண்டவன் எண்ணிய பொருளும் வாசிப்பவள் கொண்ட பொருளும் வேறு; அவ்விரண்டின் மோதலிலே அடிபடுவது தோல். இதனைச் சாதாரண கணவன் மனைவி பிணக்காக அமைத்து, நகையுணர்வும் துயரும் பிரியாதவாறு எழுதியமையே ஓ'கொனரின் வெற்றி.

தோல் ஒன்றாயிருக்க வாசிப்பு வேறாவதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 2014 இல் மேற்கையிற் புத்தர் உருவத்தைக் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவிற் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவருக்கு அது பக்தி; அதிகாரிகளுக்கு அவமதிப்பு. 2017 இல் உயர்நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டனவெனத் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2016 பெப்ரவரியில் அ.தி.மு.க.வினர் தலைவியின் பிறந்தநாளையொட்டித் திரளாக அவருருவைக் கையிற் குத்திக்கொண்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் மறைந்தார். சில மாதங்களிற் கட்சி பிளவுண்டது. ஒரே முகத்தைக் கையிற் சுமந்தவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

மூன்றாவது படைப்பு புனைகதையன்று. இத்தாலிய யூதரும் இரசாயனவியலாளருமான பிறிமோ லெவி 1944 பெப்ரவரியில் அவுஸ்விற்ஸ் முகாமிற் சேர்க்கப்பட்டார். இடது முன்கையில் 174517 என்னும் இலக்கம் குத்தப்பட்டது. 1947 இல் வெளிவந்த தமது முதல் நூலில் அவர் கூறும் சிறு செய்தி மறக்கவொண்ணாதது: சுதந்திர நாட்களின் பழக்கத்தால் நேரம் பார்க்க மணிக்கட்டை நோக்குவார், கைக்கடிகாரம் இருந்தவிடத்தில் நீல இலக்கமே தென்படும். பாணும் கஞ்சியும் பெற அவ்விலக்கத்தைக் காட்டல் வேண்டும். ஆனால் அதே நூலிலே பிறிதொரு செய்தியும் உண்டு. பழைய கைதிகள் அவ்விலக்கங்களைத் தமக்குள்ளே வாசிக்கக் கற்றிருந்தனர். எவர் எந்நாட்டவர், எப்போது வந்தவர், எந்த வண்டித் தொடரில் வந்தவர் என்பதை இலக்கமே சொல்லிற்று. சிறிய இலக்கத்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர், அவர்கள் மதிக்கப்பட்டனர். பெரிய இலக்கத்தோர் அனுபவமற்ற புதியவரென நகைக்கப்பட்டனர். பெயரை அழிக்கவென்று இட்ட எண்ணைக் கைதிகள் வரலாறாக வாசித்தனர். முகாம் நிருவாகம் நினைத்திராத வாசிப்பு அது.

நாற்பதாண்டு கழிந்து, 1986 இல் வெளிவந்த 'மூழ்கியோரும் மீண்டோரும்' என்னும் கட்டுரைத் தொகுதியில் லெவி இப்பொருளுக்கு மீள்கிறார். பயனற்ற வன்முறை பற்றிய இயலில், பச்சை குத்துதல் அவுஸ்விற்ஸ் முகாமுக்கே உரிய கண்டுபிடிப்பு என்றும், அதனால் உண்டான உடல்வலி சிறிதே என்றும், ஆயின் அடிமைக்கும் அறுவைக்குச் செல்லும் மாட்டுக்கும் இடப்படும் குறியென அதன் பொருள் யாவர்க்கும் விளங்கிற்று என்றும் எழுதுகிறார். உடலில் எழுத்துப் பொறித்தல் யூத வேதத்திலே விலக்கப்பட்டது. ஆதலின் பக்தியுடையோர்க்கு அது இருமடங்கு அவமானம். பின்னர் அவர் தம்மைப் பற்றிக் கூறுவன மிகவும் குறைந்த சொற்களில் அமைந்தவை. அவ்விலக்கம் தம் உடலின் ஒரு பகுதியாகிவிட்டது. அதிற் பெருமையுமில்லை, வெட்கமுமில்லை. காட்டித் திரிவதில்லை, மறைப்பதுமில்லை. வெறும் ஆவலாற் கேட்போர்க்கு விருப்பின்றிக் காட்டுவதுண்டு. நம்ப மறுப்போர்க்குச் சினத்துடன் உடனே காட்டுவதுண்டு. ஏன் அழித்துவிடவில்லை என்று இளைஞர் கேட்பது அவருக்கு வியப்பைத் தந்தது. இச்சாட்சியத்தைச் சுமக்க உலகில் எஞ்சியோர் மிகச் சிலரே என்பதே அவரது விடை.

தனிசாக்கியின் கதையிலும் பொருள் மாறுகிறது, பலவந்தம் வல்லமையாகிறது. ஆனால் அங்கே மாற்றத்தைச் செய்வது மையின் மாயம். லெவியிடம் அதைச் செய்வது நாற்பதாண்டுக் கால உழைப்பு: எழுத்து, பாடசாலைகளிற் பேச்சு, மறுப்போருடன் வாதம். நாசிகள் குத்திய மையில் ஒரு துளியும் மாறவில்லை. சுமந்தவரே அதன் பொருளை மாற்றினார். அதுவும் அதை ஆபரணமாக்காமலே மாற்றினார். இந்நிதானமே அவரது உரைநடையின் அறம் என்று கருதுகிறேன். 1987 இல் அவர் மறைந்த பின் ரூரின் நகரிலுள்ள கல்லறையில் பெயரும் ஆண்டுகளும் 174517 என்னும் இலக்கமும் பொறிக்கப்பட்டன.

மீண்டோர் அனைவரும் லெவியைப் போன்று எண்ணினர் என்பதற்கில்லை. சிலர் அறுவைச் சிகிச்சையால் நீக்கினர். சிலர் வெயிற்காலத்திலும் நீண்ட கைச் சட்டையே அணிந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் பாட்டனார் அல்லது பாட்டியாரின் இலக்கத்தைத் தம் கைகளிற் குத்திக்கொண்டமையை 2012 இல் வெளிவந்த 'நம்பர்ட்' என்னும் இஸ்ரேலிய விவரணப்படம் காட்டுகிறது. இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அன்பின் செயல் என்பதில் ஐயமில்லை. கொலைகாரரின் கணக்கேட்டு எண்ணை விரும்பி ஏற்பது தகுமா என்னும் வினாவும் நியாயமானதே. என்னளவில், பேரன் சுமப்பது பாட்டனாரின் இலக்கமன்று. எண் அதுவே; அது பலவந்தமாக இடப்பட்டது, இது கேட்டுப் பெற்றது. சாட்சி மறையும்போது சாட்சியத்தைக் கையேற்பது ஒன்று, சாட்சியாகத் தன்னையே எண்ணிக்கொள்வது வேறொன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்து சுமப்பவனிடம் குறைகாண என்னால் இயலவில்லை.

இத்தகைய நுண்மையை நமது ஆக்க இலக்கியங்களில் தேடின் ஏமாற்றமே மிஞ்சும். திரைப்படங்களிற் காதலன் பெயரைக் கையிற் குத்திக்கொள்ளும் பெண் வருவாள். காதல் முறிந்தால் அவள் கையைத் தீயிற் சுட்டுக்கொள்வாள். கதைகளிற் பச்சை குத்திய கை என்பது ஏழ்மையை அல்லது கிராமியத்தைச் சுட்டும் ஒரு வரி வருணனையாக நின்றுவிடுகிறது. தோட்டப்புறக் கிழவியின் கையிலுள்ள தேளை வருணிப்பவர், அதைக் குத்தியது யார், எந்த ஊரில், வலித்தபோது யார் பிடித்துக்கொண்டது, பின்னாளில் அதை எத்தனை முறை மறைக்க நேர்ந்தது என்று அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கைகளுக்குரியோர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். கடைகளிற் பச்சை குத்திக்கொள்ளும் மாணவர்களுட் சிலருக்கேனும் அத்தகைய பாட்டிமார் உயிருடன் இருக்கின்றனர். விடுமுறைக்கு வீடு செல்லும்போது கேட்கலாம்.