பெயர் வாங்கிய மேடை, பெயர் கடன் கேட்ட மேடை

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் 1966இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உருவான ராக் குழு. தலைவன் கறுப்பர். டிரம்ஸ் அடிப்பவர் வெள்ளைக்காரர். டிரம்பெட் ஊதுவது ஒரு கறுப்புப் பெண். ஆம்பளையும் பொம்பளையும் கறுப்பும் வெள்ளையும் சரிசமமாக மேடையில் நிற்பது அன்றைக்கு அமெரிக்காவில் சாதாரண விசயமில்லை. இந்தக் குழுவுக்கு நான் ரசிகன். கேசட் தேயத்தேயக் கேட்டவன். நேரில் பார்க்கக் கொடுப்பினை இல்லை. ஸ்லை ஸ்டோன் 2025 ஜூனில் காலமானார். திரையில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனால் திரையில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு பண்ணினது யார் என்ற கேள்வி அங்கேயே வந்து நிற்கிறது.

1969 கோடையில் இந்தக் குழு ரெண்டு பெரிய விழாவில் வாசித்தது. முதலாவது, நியூயார்க் நகரத்தில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில். ஜூன் 29 முதல் ஆகஸ்ட் 24 வரை ஆறு ஞாயிற்றுக்கிழமை, மவுண்ட் மோரிஸ் பூங்காவில். டிக்கெட் கிடையாது. எல்லா நாளும் சேர்த்து மூன்று லட்சம் பேர் வரை வந்ததாகச் சொல்கிறார்கள். ரெண்டாவது, சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி ஒரு பால் பண்ணை நிலத்தில் ஆகஸ்ட் நடுவில் நடந்த வுட்ஸ்டாக். நாலு லட்சம் பேர். பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள்.

ரெண்டையும் படம் பிடித்தார்கள். வுட்ஸ்டாக் படம் 1970லேயே தியேட்டருக்கு வந்து ஆஸ்கார் வாங்கியது. ஒரு தலைமுறைக்கே அது பெயராகிப் போச்சு. ஹார்லெமில் ஹால் டல்சின் எடுத்த சுமார் 40 மணி நேரப் பதிவு ஐம்பது வருசம் அடித்தளத்தில் கிடந்தது. ‘பிளாக் வுட்ஸ்டாக்’ என்று பேர் வைத்து விற்றுப் பார்த்தார், வாங்க ஆளில்லை. ஹார்லெம் விழா வுட்ஸ்டாக்குக்கு ஆறேழு வாரம் முன்னாலேயே தொடங்கியது. முன்னால் பிறந்தவன் பின்னால் பிறந்தவனிடம் பேரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நமக்கு இது புதுசா என்ன? டல்சின் 2017இல் இறந்தார். குவெஸ்ட்லவ் இயக்கிய ‘சம்மர் ஆஃப் சோல்’ 2021இல் வந்தது, 2022இல் ஆஸ்கார் வாங்கியது.

இப்போது ரெண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வுட்ஸ்டாக்கில் குழு மேடையேறியது விடியற்காலை மூணு, மூணரைக்கு. ஸ்லையின் சட்டையில் தொங்கும் வெள்ளைக் குஞ்சங்கள் இருட்டில் பறக்கின்றன. அவர் கூப்பிட, கூட்டம் பதில் குரல் கொடுக்கிறது. மிரட்டுகிற காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முகமில்லை, குரல் மட்டும்தான். ஹார்லெமில் மேடை விளக்குக்குக் காசில்லை. வெயில் விழட்டும் என்று மேடையை மேற்குப் பார்த்து வைத்தார்கள். அந்த வறுமை கொடுத்த வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமும் தெரியுது. மரத்தில் ஏறி உட்கார்ந்த பையன்கள், விசிறிக்கொண்டிருக்கிற பாட்டிகள், தோளில் பிள்ளையோடு அப்பன்கள்.

அந்த முகங்களில் முதலில் சந்தேகம் இருக்கிறது. வெள்ளைக்காரன் டிரம்ஸா, அதுவும் நம்ம ஏரியாவிலா என்கிற சந்தேகம். அன்றைக்கு அங்கே இருந்த ஒருவர் படத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். வுட்ஸ்டாக் கூட்டத்துக்கு இந்தக் கலப்பு அன்பின் சின்னம், கேள்வி கேட்காமல் கைதட்டிவிடலாம். அடிபட்ட சனத்துக்கு அப்படி முடியாது. வாசிச்சுக் காட்டு, அப்புறம் பாக்கலாம் என்கிறது ஹார்லெம். வாசித்தார்கள். கூட்டம் ஆடியது. சமத்துவம் என்பது மேடையில் அறிவித்துவிட்டுப் போகிற சமாச்சாரமில்லை, கீழே நிற்கிறவன் ஒத்துக்கணும். இதே குழுவின் ‘எவ்ரிடே பீப்புள்’ அந்த வருசத் தொடக்கத்தில் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்த பாட்டு. அது என்ன கேட்கிறது என்பதை வுட்ஸ்டாக்கைவிட ஹார்லெமில்தான் நான் புரிந்துகொண்டேன்.

படத்தில் என்னை உலுக்கியது பாட்டு அல்ல. சின்னப் பிள்ளையாக விழாவுக்குப் போன ஒருவர் ஐம்பது வருசம் கழித்து அந்தப் பதிவைப் பார்க்கிறார். கண் கலங்குகிறார். தன் ஞாபகம் பொய்யில்லை, தனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது என்கிறார். சாட்சி சொன்னவனையே சந்தேகப்பட வைக்கிறது ஆவணமில்லாத வாழ்க்கை. தன்வரலாறும் வாக்குமூலமும் எழுதுகிற நமக்கு இந்தக் கண்ணீரின் அர்த்தம் தெரியும். நடந்துச்சு என்று நாம் சொன்னால், எங்கே ஆதாரம் என்று கேட்பான்.

படத்தின் மேல் எனக்கு ரெண்டு சண்டை உண்டு. ஒன்று, பாட்டு ஏறி வரும்போது பேட்டிக்காரர்கள் குறுக்கே பேசுகிறார்கள். நம்ம பாட்டுக்கு விளக்கவுரை இல்லாமல் நிற்கத் தெம்பில்லையா? ரெண்டு, இந்தப் புரட்சியைத் தொலைக்காட்சியில் காட்ட முடியவில்லை என்று துணைத்தலைப்பு. 1969லேயே விழாவின் சில பகுதிகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சிகளாக வந்தன. காட்டினார்கள், மறந்தார்கள். தடை பண்ணினால் எதிர்த்து நிற்கலாம். ஒரு தரம் காட்டிவிட்டு ஓரமாகப் போட்டுவிடும் தந்திரத்தோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். படம் இதைப் பேசியிருக்க வேண்டும்.

ஹார்லெம் மேடைக்குக் காவல் நின்றவர்களில் கருஞ்சிறுத்தைகள் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கிளம்பினார்கள். அவர்களின் அறிக்கையைப் படித்திருக்கிறோம், அவர்கள் காவல் நின்ற பாட்டைக் கேட்க 2021 வரை காத்திருந்தோம். வந்திருப்பது ரெண்டு மணி நேரப் படம். மிச்சம் முப்பத்தெட்டு மணி நேரம் இருக்கிறது. குறுக்குப் பேச்சு இல்லாமல், பாட்டு பாட்டாகவே அதுவும் வெளியே வரணும்.