உப்பைக் கழுவும் கை

புரதத்தின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை எல்லோரும் வியந்து பார்ப்பார்கள். என் கண் போவது அதற்கு முந்தைய வேலையின் மேல்தான்: பிப்பெட் முனைக்குள்ளேயே மாதிரியின் உப்பைக் கழுவும் வேலை. அந்த முனையின் நுனியில் அரிசிமணியைவிடச் சிறிய வெள்ளைப் படுகை, சி18 சிலிக்கா. முதலில் அதை அசிட்டோநைட்ரைலில் நனைத்து, அமிலம் கலந்த நீரால் பக்குவப்படுத்துவார்கள். பிறகு மாதிரியை மெல்ல இழுத்து மெல்ல விட வேண்டும், ஏறக்குறைய பத்து முறை. கட்டைவிரல் கொஞ்சம் அவசரப்பட்டாலும் காற்று புகுந்து படுகை காய்ந்துவிடும். பழகிய கையில் பிப்பெட்டின் ‘டிக்’ ஓசைகூடச் சீராக விழும். புரதத் துண்டுகள் படுகையைப் பற்றிக்கொள்ள, உப்பு நீரோடு போய்விடும். படுகையிலிருந்து துண்டுகளை விடுவித்தால் கடைசியில் கிடைப்பது சில மைக்ரோலிட்டர், கண்ணாடி போன்ற ஒரு துளி.

மாதிரியின் அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலான பஃபரைத் தேர்வதும் அழகான வேலைதான். பாஸ்பேட் பஃபர் புரதத்துக்கு இதம், கருவிக்குப் பகை. புரதத்தில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் அந்த பஃபரின் சோடியம் ஒன்று ஏறினால் நிறை 22 டால்டன் கூடும். கருவியின் திரையில் ஒன்றாக நிற்க வேண்டிய நிறைச் சிகரம் பலவாகப் பிரிந்து மங்கும். அம்மோனியம் பைகார்பனேட்டோ உலர்த்தும்போது அம்மோனியாவும் கரியமில வாயுவும் நீராவியுமாகக் கிளம்பிவிடும், எரிந்த சூடம்போல மிச்சமே இல்லாமல். அதனால்தான் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். நன்றாகக் கழுவிய மாதிரியின் சிகரங்கள் திரையில் ஊசிமுனையாக நிற்கும்.