இரு எஜமானர்களுக்கு நடுவே

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கூட்டுறவு நாணயச் சங்கம் முதன்முதல் வேர்விட்டதே குடியேறிகளுக்காகத்தான். நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரத்து ஆலைகளில் உழைத்துவந்த பிரெஞ்சு மொழிக் கனடியர்களுக்கென, கியூபெக்கில் முன்னரே இத்தகைய ஸ்தாபனத்தை நடத்திக்காட்டிய அல்போன்ஸ் தேஜார்தேனின் துணையோடு 1908-இல் தோன்றி, மறு ஆண்டில் சட்ட அங்கீகாரமும் பெற்ற செயின்ட் மேரி சங்கத்தை அறிந்தவர்களுக்கு, 2000-ஆம் ஆண்டில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஸ்பானிய மொழி பேசுவோருக்காக ஏற்பட்ட லத்தினோ சமூக நாணயச் சங்கம் பழைய முயற்சியின் தொடர்ச்சியாகவே தோன்றும். கணக்கு வைத்துக்கொள்ள வங்கியின்றி, கூலியை ரொக்கமாகச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த தொழிலாளரைக் குறிவைத்து நடந்த வழிப்பறிகளே இது பிறக்க உடனடிக் காரணம்.

பயந்தவரை உள்ளே வரச்செய்வதே இத்தகைய சங்கத்தின் தலைவருக்கு முதற்காரியம். சிமெண்டு படிந்த காலணியோடு தயங்கி நிற்பவரிடம், கவுண்டரில் இருக்கும் பெண் அவருடைய மொழியிலேயே முகமன் கூறி, சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்று திருப்பியனுப்பாமல், சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையோ தூதரக அட்டையையோ வாங்கிப் பார்த்துக் கணக்குத் திறந்து கொடுப்பதும், பின்னொரு நாள் அவர் கடன் கேட்டு வருகையில் வாடகை ரசீதுகளையும் மின்கட்டண ரசீதுகளையும் அவருடைய நாணயத்துக்குச் சாட்சியாக ஏற்பதும் சாமானியக் காரியங்கள் அல்ல. பல மாகாணங்களில் சம்பள நாள் வரையில் கடன் தரும் கடைகள் 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் வசூலிக்கின்றன; ஆண்டுக் கணக்கில் அது 390 சதவீதம். நம் ஊர்க் கந்துவட்டிக்காரருக்கும் சற்றுக் கூச்சம் தரும் கணக்கு! மத்திய சட்டத்தின்கீழ் இயங்கும் நாணயச் சங்கங்களோ, சாதாரணக் கடனுக்கு 18 சதவீதத்தையும், சில வகைச் சிறு கடன்களுக்கு 28 சதவீதத்தையும் தாண்டலாகாது.

ஆயினும் ஏழைகளின் சேமிப்பு ஏழைகளின் கடன் தேவைக்குப் போதுவதில்லை. சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. வருமானம் குறைந்தோருக்கான சங்கங்கள் உறுப்பினரல்லாதாரிடமும் வைப்புநிதி பெறலாம் என்று சட்டம் சலுகை தருவதால், அறக்கட்டளைகளிடமும் பெரிய ஸ்தாபனங்களிடமும் சர்க்கார் நிதியத்திடமும் விண்ணப்பத்தோடு நிற்பது தலைவரின் நித்திய கடமைகளுள் ஒன்றாகிவிடுகிறது. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சங்க விதி ஏட்டில் மாறாதிருந்தாலும், வாக்கில்லாத பணக்காரரின் விருப்பமும், வாக்குள்ள கூலிக்காரரின் தேவையும் மோதும்போது, எந்தக் குரல் தலைவரின் காதில் உரக்க விழும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, உறுப்பினர் பலரும் ஒரே வகைத் தொழிலில் இருப்பது, ஒருவரையொருவர் அறிந்த விசுவாசத்தை வளர்ப்பதுபோலவே, கட்டட வேலை நின்றுபோகும் காலத்தில் எல்லோருடைய தவணையும் ஒருசேர நிற்கும் அபாயத்தையும் வளர்க்கிறது.

என் அபிப்பிராயத்தில் இவற்றினும் ஆழமான குறை நிர்வாகக் குழுவில் இருக்கிறது. மத்திய சட்டப்படி அக்குழுவினர் பொதுவாக ஊதியம் பெறலாகாது என்பது தொண்டுள்ளத்தைக் காக்க ஏற்பட்ட உத்தமமான விதியே. ஆனால் மாலையிலும் இரண்டாம் வேலைக்கு ஓடுகிறவர் ஊதியமின்றிக் கூட்டத்தில் அமர்வது எங்ஙனம்? ஆகவே அந்த நாற்காலிகள் நாளடைவில் வழக்கறிஞருக்கும் பேராசிரியருக்கும் உரியவையாகிவிடக்கூடும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், எனினும் அவர்கள் கடன் கேட்டு அந்தக் கவுண்டரில் நின்றவர்கள் அல்லர். வெளியார் பணத்தின் மீதுள்ள சார்பு, ஆண்டுதோறும் உபரியைச் சேர்த்து மூலதனமாக்குவதால் மெல்ல மெல்லக் குறையக்கூடியது. இந்தக் குறையோ காலத்தால் தானே தீராது. கூட்டத்தை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றுவது, அந்நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது, ஐந்தொகையை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது போன்ற சில்லறைக் காரியங்களால்தான் இதைத் தீர்க்க இயலும். அவற்றைத் தொடங்கத் தலைவர் எந்த அறக்கட்டளைக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.