சிம்சிட்டி: முதல் வாரத்தை மன்னிக்கலாமா?

2013-இல் வந்த, நகரம் கட்டும் கேமான சிம்சிட்டியில் கழிவுநீர் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது ஒரு தனி சுகம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழுப்பு உருண்டைகள் கிளம்பும். சாலைக்கு அடியிலேயே வரிசையாக ஊர்ந்துபோய் ஊர்க்கோடியில் உள்ள குழாய் வழியே வெளியே கொட்டும். நகரம் பெருத்து, குழாய் பழைய அளவிலேயே இருந்தால் உருண்டைகள் தேங்க ஆரம்பிக்கும். எங்கே தப்பு என்று எந்த அட்டவணையும் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரியும். மின்சாரம், தண்ணீர், வேலைக்குப் போகிற ஆள் என எல்லாமே இப்படித் தெருவில் நடமாடும் பொருள்கள்தான். அந்த ஆட்கள் கொஞ்சம் மக்கு என்பதும் உண்மை. வேலை முடிந்ததும் காலையில் கிளம்பிய வீட்டுக்குத் திரும்பாமல், காலியாக இருக்கும் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் கார்களும் அப்படித்தான்: அகலச் சாலை காலியாகக் கிடக்க, குறுக்குவழி என்று எல்லாம் ஒரே சந்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இருந்தும், நாற்காலியை விட்டு எழ மனம் வராத கேம் இது. 1989-இல் வில் ரைட் தொடங்கிவைத்த வரிசையின் வாரிசு என்று சொல்லத் தகுதியுள்ளது. கிராபிக்ஸ், எஞ்சின் பற்றியெல்லாம் அப்போதே நிறைய எழுதிவிட்டார்கள். இங்கே பேச வேண்டியது ஒன்றே ஒன்று: சர்வர்.

2013 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தனியாக விளையாடினாலும், அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாளே கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. கேமைத் திறந்தால் ‘சர்வர் நிறைந்துவிட்டது, மீண்டும் முயலும்வரை காத்திருங்கள்’ என்று நிமிடக் கணக்கு ஓடும். இடம் கிடைத்து உள்ளே போனவர்களில் பலருக்கு, முந்தைய நாள் கட்டிய நகரம் திறக்கவில்லை. பக்கத்து நகரத்துக்கு அனுப்பிய பணம் எப்போது போய்ச் சேரும் என்றே தெரியாது. பாரத்தைக் குறைப்பதற்காக, கேமை உருவாக்கிய மேக்ஸிஸ் நிறுவனம் சில வசதிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அவற்றில் ஒன்று, நகரத்தை வேகமாக ஓட்டிப் பார்க்கும் ‘சீட்டா’ வேகம். கல்லா நிரம்பும்வரை நேரத்தை ஓட்டுவது இந்த வகை கேமில் பாதி வேலை, அதையே பிடுங்கிவிட்டார்கள். அமேசான் டவுன்லோடு விற்பனையைச் சில நாட்கள் நிறுத்திவைத்தது. வாங்கியவர்களுக்குப் பரிகாரமாக இன்னொரு கேம் இலவசமாகக் கிடைத்தது. சில வாரங்களில் சர்வர்கள் நிமிர்ந்தன.

நிமிர்ந்துவிட்டதல்லவா, பிறகு அந்த வாரத்தை வைத்து ஏன் மதிப்பெண் குறைக்க வேண்டும்? இதுதான் முதல் ஆட்சேபம், அதில் நியாயமும் இருக்கிறது. ரிவியூ ஆண்டுக்கணக்கில் நிற்கப்போவது; சர்வர் கோளாறு வாரக்கணக்கில் தீரப்போவது. தியேட்டரில் புரொஜெக்டர் மக்கர் செய்தால் படத்தை மட்டம் என்று எழுதுவோமா என்று கேட்பார்கள். ஆனால் தியேட்டர் இயக்குநருடையது அல்ல. அந்தத் தியேட்டர் சரியில்லை என்றால் அடுத்த தியேட்டருக்குப் போகலாம். சிம்சிட்டிக்கு சர்வர் வைத்திருப்பது அதை விற்றவரேதான், வேறு இடம் கிடையாது. வைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். பெட்டிக்குள் இருக்கும் கேமை மட்டும் விற்றிருந்தால் புரொஜெக்டர் பேச்சுக்கு இடமுண்டு. சர்வரைச் சேர்த்து விற்றவர், மதிப்பெண் போடும்போது மட்டும் அதைத் தனியே கழற்றி வைக்கச் சொல்வது கணக்கில் வராது.

அந்த முதல் வாரத்துக்கு வேறொரு பயனும் உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, கேமில் எந்தப் பகுதி நம் கணினியில் நடக்கிறது, எது தொலைதூரத்தில் நடக்கிறது என்று விளையாடுபவருக்குத் தெரியாது. சர்வர் படுத்தால்தான் எது எதைத் தாங்கி நிற்கிறது என்பது வெளியே வரும். கணக்கீட்டில் கணிசமான பங்கு எங்கள் சர்வரில் நடக்கிறது, ஆகவே ஆஃப்லைனில் ஓடவைப்பது சுலபமல்ல என்று மேக்ஸிஸின் தலைவர் லூசி பிராட்ஷா அப்போது விளக்கம் சொன்னார். சந்தேகப்பட்ட பத்திரிகையாளர்கள் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 20 நிமிடம் நகரம் தன்பாட்டுக்கு ஓடியது: கார்கள் போயின, வரி வசூலானது, வீடுகள் முளைத்தன. கேமைத் திருத்தி, இணைப்பே இல்லாமல் காலவரையின்றி ஓடவிட்டுக் காட்டிய ரசிகரும் உண்டு. கடைசியில் 2014 மார்ச்சில், ஏறக்குறைய ஓராண்டு கழித்து, மேக்ஸிஸே ஆஃப்லைன் வசதியைப் பத்தாவது அப்டேட்டாகக் கொடுத்தது. அதற்குப் பிறகும் பழுப்பு உருண்டைகள் அதே குழாயில்தான் ஊர்ந்தன, கார்கள் அதே சாலைகளில்தான் ஓடின. தனியாக ஆடுபவரின் நகரத்துக்கு சர்வர் தேவைப்படவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம்.

தேவைப்படாததோடு நிற்கவில்லை, அது எடுத்துக்கொண்டதும் உண்டு. பழைய சிம்சிட்டிகளை ஆடியவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: நகரத்தை சேவ் செய்துவிட்டு, ஊர் நடுவே விண்கல்லை இறக்கி வேடிக்கை பார்த்துவிட்டு, பழைய சேவ் கோப்பைத் திறந்து ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வது. வரியை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும், அனல்மின் நிலையத்தை இடித்துவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கும் பரிசோதனைகளும் இதில் அடக்கம். நகரம் கட்டும் கேமை ஒரு சோதனைக்கூடமாக்குவதே இந்த வசதிதான். 2013 பதிப்பில் சேவ் சர்வரில் இருந்தது. கேம் தானே சேவ் செய்துகொள்ளும், பின்னால் போக வழியில்லை. விண்கல் விழுந்தால் விழுந்ததுதான். பலர் பகிர்ந்து ஆடும் வட்டாரத்தில் இதற்கு நியாயம் சொல்லலாம். ஒருவர் காலத்தைப் பின்னோக்கி இழுத்தால் அவரிடம் மின்சாரம் வாங்கும் பக்கத்து நகரம் குழம்பிப்போகும். தனியாக ஆடுபவருக்கு அந்த நியாயமும் கிடையாது. ஆஃப்லைன் அப்டேட் வந்த பிறகுதான் விரும்பியபோது சேவ் செய்து, விரும்பியபோது திரும்பும் சுதந்திரம் கிடைத்தது. ஆகவே சர்வரின் விலை காத்திருந்த நேரம் மட்டுமல்ல. அது நன்றாக ஓடிய நாட்களிலும் கேமின் ருசியைக் குறைத்தது.

முதல் நாள் எத்தனை பேர் வருவார்கள் என்று யாரால் கணிக்க முடியும் என்பது அடுத்த ஆட்சேபம். முதல் நாள் கூட்டத்துக்கு ஏற்றபடி சர்வர் வாங்கிப் போட்டால் இரண்டாவது மாதம் பாதி சும்மா கிடக்கும் என்பது உண்மை. அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளத்தக்க கேம்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த ஹெல்டைவர்ஸ் 2, நான்கு பேர் சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்தது. சிறிய நிறுவனமான ஆரோஹெட் இத்தனை கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. ஒரே நேரத்தில் 4,50,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்து, பிறகு அதை 7,00,000 ஆக உயர்த்தியது. கையில் காசு இல்லாதவர்கள் அவசரப்படாமல் பொறுத்திருந்து வாங்குங்கள் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரியே சொன்னார். கோபம் வந்தாலும் இங்கே கூட்டம்தான் கேம் என்பது புரிகிறது. 2012 மே 15-இல் வந்த டையாப்லோ 3 அப்படியல்ல. முதல் நாளில் 35 லட்சம் பிரதிகள் விற்றன. ‘எர்ரர் 37’ என்ற செய்தி கேமைவிடப் பிரபலமானது. தனியாகக் குகைக்குள் இறங்கி அரக்கர்களை வெட்ட வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கூட்டத்தைக் கணிக்க முடியாது என்றால், கூட்டத்தோடு சம்பந்தமே இல்லாதவரை வரிசையில் நிறுத்தாமல் இருந்திருக்கலாம். தனியாக ஆடுகிறவர்களுக்கு ஆஃப்லைன் கதவைத் திறந்துவிட்டாலே சர்வர் மேலுள்ள பாரம் குறையும். கணிப்பு தவறியதைவிட, அந்தக் கதவை அடைத்துவைத்ததுதான் பெரிய தப்பு.

கதவை அடைத்ததற்கு நிறுவனங்கள் காரணம் சொல்லாமலில்லை. திருட்டுப் பிரதியைத் தடுக்கிறோம், ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கிறோம், சேவ் கோப்பைப் பத்திரமாக வைக்கிறோம் என்பார்கள். டையாப்லோ 3-இல் நிஜப் பணம் புழங்கிய ஏலச் சந்தை இருந்ததால், போலிப் பொருள்கள் நுழையாமல் சர்வர் காவல் காக்க வேண்டியிருந்தது என்ற வாதம் ஓரளவு நின்றது. ஆனால் 2013-இல் வந்த கன்சோல் பதிப்பு ஆஃப்லைனில் ஓடியது. 2014 மார்ச்சில் ஏலச் சந்தையையே மூடினார்கள். அதன் பிறகும் கணினிப் பதிப்புக்கு நெட் கட்டாயம் போகவில்லை. காரணம் போய்விட்டது, கட்டுப்பாடு தங்கிவிட்டது. இதற்கு மாறாக மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் உண்மையான காரணம் இருக்கிறது. 2020 பதிப்பின் நிலப்பரப்புத் தரவே இரண்டு பெட்டாபைட். எந்த வீட்டுக் கணினியிலும் அது அடங்காது. 2024 நவம்பர் 19-இல் அடுத்த பதிப்பு வந்தபோது விமானங்களையும் விமான நிலையங்களையும்கூட சர்வரிலிருந்து டவுன்லோடு செய்ய வைத்தார்கள். 2,00,000 பேர் ஆடுவது போலப் பாவனை செய்து சோதித்திருந்தும் முதல் நாள் தாங்கவில்லை. பலருக்கு 97 சதவீதத்தில் லோடிங் உறைந்து நின்றது. உள்ளே போனவர்களில் சிலருக்கு விமானங்களையே காணோம். பூமி முழுவதையும் வட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பதை ஏற்கலாம். நாம் ஏறி ஓட்டப்போகும் ஒரே ஒரு விமானத்தை ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ரிவியூ எழுதுபவர் கேட்டாக வேண்டும். அவசியமான சர்வரும் அநாவசியமான சர்வரும் ஒரே கேமுக்குள் இருக்கலாம். பிரித்துச் சொல்வதுதான் விமர்சனத்தின் வேலை.

அந்த வேலையை யாரும் சரியாகச் செய்யவில்லை என்பதற்கு சிம்சிட்டியே உதாரணம். பாலிகான் தளம் வெளியீட்டுக்கு முன் 10-க்கு 9.5 கொடுத்தது, சர்வர் திணறியதும் 8 ஆக்கியது, நிலைமை மோசமானதும் 4, பிறகு 6.5. இந்த ஏற்ற இறக்கத்தைப் பலர் கேலி செய்தார்கள். 4 போட்டதில் கேலிக்கு ஒன்றுமில்லை; அந்த வாரம் காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது அதுதான். தப்பு 9.5-இல் இருக்கிறது. அது வெளியீட்டுக்கு முன், நெரிசலே இல்லாத சர்வரில் ஆடிப் பார்த்துப் போட்டது. கடைக்கு வந்தது வேறு சரக்கு. அதற்காக மதிப்பெண்ணை தினமும் திருத்திக்கொண்டிருப்பதும் தீர்வாகாது. அது வானிலை அறிக்கை. இன்றைக்கு சர்வர் எப்படி என்று சொல்லுமே தவிர, கேம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லாது. நெட்டைப் பிடுங்கினால் எது நிற்கிறது, எது ஓடுகிறது? நிற்பவற்றில் எதற்கு சர்வர் உண்மையிலேயே வேண்டும்? சேவ் யாரிடம் இருக்கிறது? கம்பெனி ஒருநாள் சர்வரை மூடினால் கையில் என்ன மிஞ்சும்? இந்த நான்குக்கும் பதில் சொல்லிவிட்டு மதிப்பெண் போட்டால் அதை முதல் வாரமும் திருத்த வேண்டாம், பத்தாம் வருடமும் திருத்த வேண்டாம்.

நான்காவது கேள்வி வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட கார் பந்தய கேம் ‘தி க்ரூ’. அமெரிக்கா முழுக்கத் தனியாகவே ஓட்டிச் சுற்றலாம். ஆனால் நெட் கட்டாயம். 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள். காசு கொடுத்து வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் கேம் திறக்கவில்லை. அதிலிருந்து கிளம்பியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். அந்தக் கூச்சலுக்குப் பிறகே அதே வரிசையின் அடுத்த கேம்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. சர்வர் படுத்த முதல் நாளில் திரையில் என்ன தெரிகிறதோ, சர்வர் மூடும் கடைசி நாளிலும் அதுவேதான் தெரியும். ஒரே வித்தியாசம், கடைசி நாளுக்குப் பிறகு சரிசெய்ய யாரும் வரமாட்டார்கள். இன்றைக்கு வாங்கும் கேமின் கடைசி நாளைப் பார்க்க ரிவியூ எழுதுபவருக்கு வேறு வாய்ப்பே கிடையாது. முதல் வாரத்தை மன்னித்து மறந்துவிடக் கூடாது என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்த வாரம் பட்ட எரிச்சல் அதற்கு அடுத்தபடிதான்.

எனவே சிம்சிட்டிக்கு ஒரு தீர்ப்பு போதாது. 2013 மார்ச்சில் முழு விலைக்கு விற்ற சரக்கு வாங்கியிருக்கக் கூடாதது. அந்த வாரக் கூட்டத்தால் மட்டும் அல்ல, தேவையே இல்லாத சர்வரிடம் நம் நகரத்தை அடகு வைத்ததால். ஆஃப்லைன் அப்டேட்டுக்குப் பிந்தைய சிம்சிட்டி வேறு. அதற்கு 10-க்கு 7 தாராளமாகத் தரலாம். இரண்டு கிலோமீட்டர் சதுரத்துக்குள் அடைபட்ட நகரம் என்ற குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. ஆனால் அந்த ஆஃப்லைன் அப்டேட் வருவதற்குள் ஓராண்டு போய்விட்டது. 2015 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் எமரிவில் நகரிலிருந்த மேக்ஸிஸ் அலுவலகத்தை மூடியது. அதே மாதம் 10-ஆம் தேதி, பின்லாந்தின் சிறு நிறுவனமான கொலாசல் ஆர்டரின் ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ வந்தது. ஆட்டம் தொடங்கும்போது அது கொடுக்கும் முதல் மனையே ஏறக்குறைய சிம்சிட்டியின் மொத்த நகர அளவு. நெட் வேண்டாம், வரிசை வேண்டாம், சேவ் நம் வட்டில். முதல் 24 மணி நேரத்தில் இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றன. பழுப்பு உருண்டைகளின் அழகு அதில் கிடையாது. ஆனாலும் இந்த இரண்டில் ஒன்றை வாங்குவதென்றால், விற்றவர் நாளைக்கே கடையைக் கட்டினாலும் ஓடக்கூடிய அதையே வாங்கச் சொல்ல வேண்டும்.