பஸ்ஸை இறக்கினால் பவளம் வளருமா?

2021 ஜூனில் இலங்கைக் கடலுக்குள் இரண்டு விதமான இரும்பு போனது. கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டி மூழ்கியது. அதை அழிவு என்றோம். அதே மாதம் நெடுந்தீவை அண்டிய வடகடலில் ஓடித் தேய்ந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களை இறக்கினார்கள், அதை மீன் பெருக்கும் திட்டம் என்றார்கள். இந்த இரண்டாவது பெயர் பொருந்துமா?

திட்டத்தின் பக்கம் நியாயம் உண்டு. மணலும் சேறுமான கடலடியில் பவளக் குடம்பிகள் பற்றிக்கொள்ள இடமில்லை. கெட்டியான பரப்புக் கிடைத்தால் பாசியும் சிப்பியும் பவளமும் ஒட்டும், மீன் ஒதுங்கும். 1942இல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் இன்று மென்பவளமும் மீனும் நிறைந்த இடம்.

ஆனால் மீன் கூடுவது வேறு, மீன் பெருகுவது வேறு. சுற்றுக்கடலில் சிதறித் திரிந்த மீன் ஓரிடத்தில் திரண்டால் வலைக்கு எளிதாகும். கடலின் மொத்த மீன்வளம் அப்படியே இருக்கும், சில வேளை குறைந்தும் போகும். கடல் உயிரியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதிடும் கேள்வி இது. பஸ்ஸைச் சுற்றி மீன் மொய்க்கும் படம் இதற்கு விடையாகாது. இறக்குமுன் எடுத்த கணக்கும், பல ஆண்டு கழித்து எடுத்த கணக்கும், அருகில் எதுவும் இறக்காத ஓர் இடத்தின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அடுத்தது, இறக்கும் பொருள். ஹேர்மிஸ் தடித்த உருக்கு; பஸ்ஸின் உடல் மெல்லிய தகடு. செயற்கைப் பாறையாக இறக்கிய நியூயோர்க்கின் பழைய சுரங்க ரயில் பெட்டிகளில் கனத்த உருக்குப் பெட்டிகள் டெலாவெயர் கடலில் நிலைத்தன. மெல்லிய துருவேறா உருக்குப் பெட்டிகளோ நியூ ஜேர்சி கடலில் சில மாதங்களில் நொறுங்கின. புளோரிடாவில் அதே நோக்கத்தில் 1970களில் கொட்டிய சுமார் 20 லட்சம் டயர்கள் கட்டறுந்து உருண்டு, இயற்கைப் பவளத்தையே உராய்ந்து கெடுத்தன. 2007 முதல் அவற்றை மேலே எடுக்கவேண்டி வந்தது. கழித்த பொருளுக்கு இடம் தேடுவதே முதல் நோக்கமானால் கடல் குப்பைமேடாகும்.

எதிர்த்தட்டில் வைக்கத்தக்க முயற்சி தூத்துக்குடிக்கு அருகே வான்தீவில் நடந்தது. பவளத்தை வெட்டி எடுத்ததாலும் அலை அரிப்பாலும் தீவு சுருங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து, 2015 முதல் துளையிட்ட பெரோ சிமெந்துக் கூறுகளைத் தீவுக்கு முன்னே வரிசையாக இறக்கியது. எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியது. அலையின் வேகத்தைத் தணிப்பது முதல் வேலை, உயிர்கள் குடியேறுவது அடுத்தது. வான்தீவு இருக்கும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெட்டுவது அதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்பே ஓய்ந்திருந்தது. இந்தக் கட்டுமானம் அதற்குப் பிறகே வந்தது. என்றாலும் 2016இல் கடல் சூடாகி வளைகுடாவெங்கும் பவளம் வெளிறி மடிந்தபோது சிமெந்தால் எதுவும் செய்ய முடியவில்லை.

வடகடலின் முதல் நோய் இழுவைமடி. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. இந்திய இழுவைப் படகுகள் நின்றபாடில்லை. கடலடியில் கிடக்கும் பஸ் மடியைச் சிக்கவைத்து வழிமறிக்கலாம். அதுதான் உண்மைப் பயன் என்றால் அதை வேலி என்று சொல்லட்டும், வாழிட மீட்பு என்று சொல்லவேண்டாம். மடி ஓயாத கடலில் பவள மீட்பு, கூரை போன லயத்துக்குப் புதுக் கதவு மாட்டுவதுதான்.

மலையிலிருப்பவர்களுக்கும் கடலின் கேட்டில் பங்குண்டு. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதையில் விழும் பிளாஸ்டிக்கும், அதைச் சுற்றிய கொழுந்து மலைகளில் மழை அரித்த மண்ணும் மஸ்கெலியா ஓயா வழியாகவே இறங்குகின்றன. மவுசாக்கலை அணை பெரும்பகுதி வண்டலைப் பிடித்துக்கொள்ளும். அணைக்குக் கீழேயுள்ள மலைகளின் மண்ணில் ஒரு பகுதி களனி ஆற்றோடு கொழும்புக் கடலில் சேரும். நெடுந்தீவுக் கடலுக்கு அந்த ஆறு போவதில்லை. மேற்குக் கரையில் யாரேனும் செயற்கைப் பவளப்பாறை கேட்டால், வண்டல் மூடும் இடத்தில் குடம்பி ஒட்டாது என்பதால், முதல் செலவு மலைச்சரிவில் மண் காப்பதற்கே போகவேண்டும்.

ஆகவே தீர்ப்பு இது. கெடுத்த காரணம் ஓய்ந்த இடத்தில், அதற்கென்றே வார்த்த பொருளால், மீன்பிடிக்குக் கட்டுப்பாடு வைத்து, ஆண்டுக்கணக்காக அளந்து செய்தால் செயற்கைப் பவளப்பாறை பயனுள்ள துணைக் கருவி. வான்தீவு இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுகிறது. வடகடல் பஸ்கள் தேறவில்லை. இனி ஒரு பஸ் இறக்குவதானாலும், அதற்கு முந்திய கடலடிக் கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்த பிறகே இறக்கவேண்டும்.